மலைவீட்டில் மாதிரி ரயில் தொகுப்பு: பரணா, பீரோவா, காற்றுப் புகாத டப்பாவா?

கேத்தி வளைவு (கேத்தி)

அனைவருக்கும் வணக்கம். பெரியப்பா வாழ்நாள் முழுவதும் சேர்த்த மாதிரி ரயில்கள் எல்லாம் இப்போது எங்கள் வீட்டில் இருக்கின்றன. கோயம்புத்தூரில் அவருக்கு இதற்கென்றே ஓர் அறை இருந்தது. இங்கே அப்படி ஒதுக்க இடம் இல்லை.

பெரும்பகுதி ஓஓ அளவு ஹார்ன்பி (பிரிட்டிஷ் நிறுவனம்) எஞ்சின்களும் வண்டிகளும்தான்: 1:76, அதாவது அசலில் 76-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஒரு சிறு பகுதி எச்ஓஎம் வகை, 1:87, தண்டவாளம் 12 மில்லிமீட்டர். நம் நீலகிரி மலை ரயிலின் ஒரு மீட்டர் தண்டவாள அகலத்தை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வருகிறது என்பதற்காகவே சுவிட்சர்லாந்து மலை ரயில் மாதிரிகளை அவர் ஆசையாக வாங்கினார். செங்குத்தான பாதையில் பல்சக்கரத்தால் பற்றி ஏறும் நம் பல்தண்டவாள எஞ்சின்களைச் செய்து அனுப்பிய வின்டர்தூர் தொழிற்சாலையும் அந்த நாட்டில்தானே இருந்தது! இவை போக நீளத் தண்டவாளங்கள், பாயிண்டுகள் (பாதை பிரியும் தண்டவாளத் துண்டுகள்), டிரான்ஸ்ஃபார்மர்கள், அவர் கையால் அட்டையில் செய்த கேத்தி நிலையம்.

வைப்பதற்கு மூன்று இடங்கள் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே பெரிய பரண். வடக்குப் பக்கக் கருங்கல் சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோ. இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் கொஞ்சம் இடம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, துவைத்த துணியே காயவில்லை. எங்கே வைப்பது, எப்படி அடுக்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். இவற்றைப் பூட்டி வைக்க எனக்கு விருப்பம் இல்லை, ஓட்ட வேண்டும்.

பல்சக்கரம் (குன்னூர்)

அம்மா, பரணை இன்றோடு மறந்துவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மதியம் வேகும், விடியற்காலையில் விறைக்கும். குளிர் தானாக எதையும் கெடுப்பதில்லை. பகலுக்கும் இரவுக்கும் இடையே நடக்கும் ஏற்ற இறக்கம்தான் நமக்கு எதிரி.

கணக்கைப் பாருங்கள். அறையில் 20 டிகிரி வெப்பம், 70 சதவீதம் ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் இது நல்ல நாள்தான். அந்தக் காற்று 14 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர் படியும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போல. வடக்குப் பார்த்த கருங்கல் சுவர் கார்த்திகை இரவில் 14-க்குக் கீழே போவதற்குச் சிரமமே இல்லை. அந்தச் சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் பின்தகடும் கூடவே குளிரும். தகட்டின் உட்புறத்தில் நீர் கோத்து, கீழ்த்தட்டில் வைத்த அட்டைப்பெட்டிகளின் அடியில் போய் ஊறும். வெளியில் பார்த்தால் பீரோ பளபளவென்றுதான் இருக்கும்.

ஆகவே நடுச்சுவர்தான் உங்களுக்குச் சரியான இடம். இரண்டு பக்கமும் ஆட்கள் தூங்கும் அறைகள், வெப்பம் நிதானமாக இருக்கும். மறுபக்கம் குளியலறையோ சமையலறையோ இருக்கக் கூடாது. கணப்பு உள்ள சுவரும் வேண்டாம். அலமாரி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கட்டும், பின்னால் காற்று ஓட வேண்டும்.

மற்ற எதையும் வாங்கும் முன் ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்குங்கள். அதைக் கூடத்தில் மாட்டாமல் அலமாரிக்குள் வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் வரை நின்றால் நிம்மதி. நாள்கணக்கில் 65-க்கு மேலேயே நின்றால் பூஞ்சை வரப்போகிறது என்று பொருள்.

நான்காம் நடைமேடை (சென்னை)

பல்சக்கரம் ஐயா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் இவ்வளவு யோசிக்க வேண்டுமா? கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். உப்புக் காற்று, வருடம் முழுக்கப் புழுக்கம். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத டப்பாக்களில் எல்லாவற்றையும் அடைத்து, ஒவ்வொன்றிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவிட்டேன். துரு இல்லை, பூஞ்சை இல்லை. மூடிவிட்டால் அறை எப்படி இருந்தால் என்ன?

கோத்தகிரி சரிவு (கோத்தகிரி)

சென்னை நண்பருக்கு: உங்கள் ஊரில் இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம் சிறியது. டப்பாவுக்குள் மாட்டிய ஈரம் அங்கே ஆவியாகவே இருந்துவிடும். இங்கே அப்படி இல்லை. மூடுபனி நாளில் 18 டிகிரி, 80 சதவீதத்தில் டப்பாவை மூடினால், இரவு 10 டிகிரிக்கு இறங்கும்போது அந்த ஈரம் உள்ளேயே நீராகிவிடும். வெளியே போக வழியும் இருக்காது.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஈரம் காற்றில் இருப்பதைவிட அட்டையில் அதிகம். மழைக்கால அட்டைப்பெட்டி தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு கிலோ அட்டை என்றால் நூறு கிராம் தண்ணீர். சிலிக்கா ஜெல் பிடிப்பது, மிஞ்சி மிஞ்சிப் போனால், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு. செருப்புப் பெட்டியில் வரும் ஐந்து கிராம் பொட்டலத்தால் இரண்டு கிராம் நீரைக்கூடப் பிடிக்க முடியாது. அதைப் போட்டுவிட்டு மூடுவது நம் மனத் திருப்திக்கு மட்டுமே உதவும்.

அக்கா, டப்பா வேண்டும் என்றால் மாசி, பங்குனியில் மூடுங்கள். வெயில் நன்றாக அடித்து, ஈரமானி 40-ஐ ஒட்டி நிற்கும் வாரத்தில் எல்லா அட்டைப்பெட்டிகளையும் அறைக்குள்ளேயே திறந்து பரப்பி உலர விட்டு, அதன்பிறகு மூடலாம். ஐப்பசியில் மூடவே கூடாது.

நான்காம் நடைமேடை (சென்னை)

அட்டையின் கணக்கு எனக்குப் புதிது. என் டப்பாக்களில் அட்டைப்பெட்டிகளே கிடையாது, வெறும் எஞ்சின்கள் மட்டும்தான். அதனால்தான் பிழைத்தேன் போலிருக்கிறது. சிலிக்கா ஜெல்லைப் பொட்டலமாக வாங்காமல் கிலோவாக வாங்குங்கள், மலிவு. நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நஞ்சு. ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நிறம் மாறியதும் ஓவனில் 110, 120 டிகிரியில் வறுத்தால் மறுபடி உயிர் பெறும். சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம்.

கேத்தி வளைவு (கேத்தி)

எல்லோருக்கும் நன்றி. ஈரமானி வாங்கினேன். பீரோவுக்குள் 78, நடுச்சுவர்ப் பக்கம் 63. ஒரே வீட்டுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினேன். ஓர் எஞ்சின் பெட்டி என்னைக் கலங்க வைத்துவிட்டது. உள்ளே தொழிற்சாலையில் வைத்த கறுப்பு ஸ்பாஞ்சு மெத்தை இருந்தது. விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது, உதிர்ந்த மாவு பிசுபிசுவென்று விரலிலேயே ஒட்டிக்கொண்டது. எஞ்சினை எடுத்தால், கொதிகலனின் பச்சை வண்ணத்தின் மேல் ஸ்பாஞ்சின் துளைகள் அப்படியே அச்சாகப் பதிந்திருக்கின்றன. புகைபோக்கியின் விளிம்பிலும், சக்கரங்களை இணைக்கும் தடிகளுக்கு இடையிலும் தார் போலக் கறுப்புப் பசை. வெளிப்பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. இதை எப்படி எடுப்பது?

பல்சக்கரம் (குன்னூர்)

அது பாலியூரிதீன் ஸ்பாஞ்சு. ஈரத்தில் அதன் இழைகளே உடைந்து பசையாகிவிடும். பூட்டி வைத்த தொகுப்புகளை அதிகம் நாசமாக்குவது துருவைவிட இந்த ஸ்பாஞ்சுதான் என்பது என் கருத்து. அதனால்தான் பெட்டியை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று விடாமல் சொல்கிறேன். மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று மேலட்டை காட்டிக்கொடுக்காது.

அவசரப்பட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்காதீர்கள். தண்டவாளம் துடைக்க அது அருமையான பொருள், ஆனால் அக்ரிலிக் வண்ணத்தை உரித்துவிடும். முதலில் காய்ந்த தூளை மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டி எடுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்துப் பிழிந்து, அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். வண்ணம் வரவில்லை என்றால் கொதிகலனில் சிறிது சிறிதாக உருட்டி எடுங்கள். தேய்க்க வேண்டாம், உருட்ட வேண்டும். எழுத்துகளும் எண்களும் உள்ள இடத்தைத் தொடவே வேண்டாம். பதிந்த அச்சு முழுவதும் போகாது. பசை போனால் போதும், எஞ்சின் தப்பித்துவிடும்.

வீட்டில் உள்ள அத்தனை பெட்டிகளையும் இந்த வாரமே திறந்து, கறுப்பு, சாம்பல், மஞ்சள் நிற ஸ்பாஞ்சு எதைக் கண்டாலும் வெளியேற்றுங்கள். அதற்குப் பதிலாக அமிலம் இல்லாத டிஷ்யூ தாள், அல்லது டி.வி. பெட்டியில் வருகிறதே வெள்ளை பாலிஎத்திலீன் ஃபோம், அது போதும். குமிழ் உறை நேரடியாக வண்ணத்தில் படக் கூடாது, வட்டம் வட்டமாகத் தடம் விடும். பி.வி.சி. உறையும் ஆகாது. அதில் உள்ள மென்மையாக்கி கசிந்து பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

கூடலூர் மழை (கூடலூர்)

எங்களுக்கு ஆனி, ஆடிதான் சோதனைக் காலம். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை, எங்கள் பக்கம் தென்மேற்கு. தமிழகம் முழுவதும் ஒரே அட்டவணை போட்டுக்கொண்டு சிலிக்கா ஜெல் மாற்றச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூச்சியைப் பற்றி யாருமே சொல்லவில்லை. பழைய அட்டைப்பெட்டியின் பசையும் தாளும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. உடனே எல்லோரும் செய்வது பாச்சை உருண்டை போடுவது. தயவுசெய்து வேண்டாம். நாப்தலீன் ஆனாலும் பாராடைகுளோரோபென்சீன் ஆனாலும் அதன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். புடவைக்கு நல்லது ரயிலுக்கு நல்லதல்ல. நம் ஊர்ப் பழக்கப்படி அலமாரியில் நீலகிரித் தைலம் தெளிப்பதும் கூடாது, அதுவும் பிளாஸ்டிக்கைத் தாக்கும். அலமாரியைத் துடைத்துச் சுத்தமாக, ஈரப்பதம் குறைவாக வைத்திருந்தால் ராமபாணம் தானாகவே விலகும். ஈரம் இல்லாத இடத்தில் அது பெருகாது.

எலியும் கவனத்தில் இருக்கட்டும். ஒயர் போகும் துளைகளை இரும்பு நார் வைத்து அடையுங்கள்.

கோத்தகிரி சரிவு (கோத்தகிரி)

இனி அடுக்கும் முறை. அக்கா, பெட்டியின் முனையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு எண்ணின் வரிசையிலேயே அடுக்குங்கள். அந்த எண்ணைக் கணினியில் ஒரு அட்டவணையாகப் போட்டுவிட்டால் எதையும் நொடியில் எடுக்கலாம். அசல் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டி இல்லாத மாதிரிக்குச் சந்தையில் பாதி மரியாதைதான்.

கூடலூர் மழை (கூடலூர்)

தயாரிப்பு எண் கடைக்காரருக்கு உரிய ஒழுங்கு. ஓட்டுகிறவருக்கு அதனால் என்ன பயன்? ஒரு ரயிலின் ஆறு வண்டிகள் ஆறு தட்டுகளில் கிடக்கும், ஒரு மாலைப்பொழுது தேடுவதிலேயே போய்விடும். எந்த வண்டிகள் சேர்ந்து ஓடுமோ அவை ஒரே டிராயரில், ஓடும் வரிசையிலேயே இருக்க வேண்டும்.

பல்சக்கரம் (குன்னூர்)

கூடலூர்க்காரர் பக்கமே நானும். ஒரு திருத்தம் மட்டும் உண்டு. குன்னூர் நிலையத்தில் நின்று பார்த்திருப்பீர்கள்: மேட்டுப்பாளையத்திலிருந்து பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வந்த நீராவி எஞ்சின் கழன்று ஷெட்டுக்குப் போய்விடும், வண்டிகள் டீசல் எஞ்சினோடு ஊட்டிக்குப் புறப்படும். எஞ்சினுக்கு வேண்டிய பராமரிப்பு வேறு, வண்டிக்கு வேண்டியது வேறு. வீட்டிலும் அதே பிரிவினை வேண்டும்.

எஞ்சின்களுக்குத் தனி டிராயர்கள். மோட்டார், பற்சக்கரம், எண்ணெய், இழுவை டயர் (சக்கரத்தில் மாட்டும் ரப்பர் வளையம்) எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, ஈரத்தால் கெடுவதும் அவைதான். சிலிக்கா ஜெல் முழுவதையும் அந்த டிராயர்களில் செலவிடுங்கள். எஞ்சினை ஃபோம் மேல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மாதக்கணக்கில் சக்கரத்தில் நிறுத்தினால் ரப்பர் டயர் ஒரு பக்கம் தட்டையாகி, ஓடும்போது தட்தட்டென்று சத்தம் வரும். டிகோடர் (எஞ்சினைத் தனியாகக் கட்டுப்படுத்த உதவும் மின்னணுச் சில்லு) உள்ள எஞ்சின்களின் வயிற்றில் அதன் முகவரி எண்ணை ஒரு சிறு தாளில் ஒட்டுங்கள். டிகோடர்கள் பொதுவாக 3 என்ற முகவரியோடுதான் வருகின்றன. மாற்றிய எண் பெரியப்பாவின் நோட்டில் இருந்தால் அதை இப்போதே படி எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிகள் லேசானவை, பெரும்பாலும் பிளாஸ்டிக். ஓஓ அளவுப் பயணிகள் வண்டி இணைப்போடு சேர்த்து 27 சென்டிமீட்டர் நீளம், நான்குக்கும் குறைவான அகலம், ஐந்தரை உயரம். உட்புறம் 50 அகலம், 30 ஆழம், 8 உயரம் உள்ள டிராயரில், ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு தடுப்பாக வெள்ளை ஃபோம் பட்டைகளை நிறுத்தினால் பத்து வண்டிகள் ஒன்றையொன்று உரசாமல் நிற்கும். தச்சரிடம் இந்த அளவைக் கொடுத்தாலே போதும். தடுப்பை ஒட்ட வேண்டாம், அடுத்த வருடம் வேறு வரிசை வேண்டியிருக்கும்.

காலிப் பெட்டிகளைக் காக்க வேண்டும் என்பதில் கோத்தகிரித் தம்பியோடு எனக்கு உடன்பாடு. ஆனால் அவற்றுக்குள் ரயில் இருக்க வேண்டியதில்லை. பெட்டிகள் தனியாக மேல்தட்டில் இருக்கட்டும், பெட்டிக்கும் ரயிலுக்கும் ஒரே எண்ணைப் பென்சிலில் எழுதி வையுங்கள்.

கோத்தகிரி சரிவு (கோத்தகிரி)

எஞ்சினைத் தனியாகப் பிரிப்பது நியாயமாகப் படுகிறது, ஐயா. ஆனாலும் அட்டவணையை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு எஞ்சினுக்கும் எண்ணெய் விட்ட தேதி அதில் இருக்க வேண்டும். பழைய எண்ணெய் குளிரில் இறுகி மோட்டாரைத் திணற வைக்கும். நினைவை நம்பி எந்த எஞ்சினுக்கு எப்போது விட்டோம் என்று சொல்ல முடியாது.

கொடை ஏரிச்சாலை (கொடைக்கானல்)

பழனி மலையிலிருந்து ஒரு குரல். எங்களுக்கு ரயில், மலையடிவாரத்தில் கொடைக்கானல் ரோடு நிலையத்தோடு நின்றுவிட்டது. அதனால்தானோ என்னவோ, வீட்டுக்குள் ஓடும் ரயில் மேல் எனக்குத் தனிப் பிரியம். எல்லோரும் டிராயர், டிராயர் என்கிறீர்கள். கண்ணில் படாத தொகுப்பில் என்ன மகிழ்ச்சி இருக்கிறது? நான் கண்ணாடி அலமாரியில்தான் வைத்திருக்கிறேன்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஜன்னலுக்கு எதிரில் வைக்கக் கூடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். கொடையும் ஊட்டியும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கின்றன. மேகம் மூடினாலும் அது முழுவதும் தடுபடுவதில்லை. முதலில் வெளுப்பது சிவப்பு. எல்.இ.டி. விளக்கு போட்டு, ஒரு பருவத்துக்கு ஒரு ரயிலை மட்டும் வெளியே வையுங்கள். மற்றவை டிராயரில் ஓய்வெடுக்கட்டும்.

கேத்தி வளைவு (கேத்தி)

அந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு பழைய எஞ்சினில் மட்டும் ஒரு சந்தேகம். உலோக அடிச்சட்டத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிகின்றன, ஒரு மூலை லேசாக உப்பியிருக்கிறது. துரு நிறம் இல்லை. இது மற்றவற்றுக்கும் தொற்றுமா?

பல்சக்கரம் (குன்னூர்)

தொற்றாது, அந்தப் பயம் வேண்டாம். அது துத்தநாக வார்ப்பு நோய். வார்க்கும்போது ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால் உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மை ரயில்களில் இது மிகுதி. வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். மருந்து கிடையாது.

உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மேல்கூட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். அடிச்சட்டம் உப்ப உப்ப, நல்ல நிலையில் உள்ள மேல்கூட்டையும் வளைத்து உடைத்துவிடும். சக்கரம், மோட்டார் ஆகியவற்றையும் இப்போதே மீட்டுக்கொள்ளுங்கள். பிறகு மாற்றுச் சட்டம் தேடலாம்.

நான்காம் நடைமேடை (சென்னை)

தண்டவாளங்களை விட்டுவிட்டோம். பழையவற்றில் எஃகுத் தண்டவாளம் கலந்திருக்கும், காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு, மலையில் அது நிச்சயம் துருப்பிடிக்கும், அதில் பணமும் நேரமும் செலவிடாதீர்கள். ஒட்டாதது பெரும்பாலும் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். நீளத் தண்டவாளம் 914 மில்லிமீட்டர் வரும், வளையாமல் தட்டையாகக் கட்டிலுக்கு அடியில் பலகை மேல் படுக்க வையுங்கள். கன்ட்ரோலர், ரிமோட் எதிலும் பேட்டரியை விட்டு வைக்காதீர்கள்.

கேத்தி வளைவு (கேத்தி)

தச்சர் வந்து அளவெடுத்துவிட்டார். நடுச்சுவரில் எட்டு டிராயர்கள்: மேலே இரண்டு எஞ்சின்களுக்கு, நடுவில் நான்கு ரயில் வரிசைப்படி, கீழே பாயிண்டுகளும் கருவிகளும். பிளைவுட்டின் எல்லாப் பக்கமும், அறுத்த விளிம்புகள் உட்பட, பிரைமர் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். இரும்பு பீரோவில் இனி பாத்திரங்கள்தான்.

கடைசியாக ஒன்று. பெரியப்பா செய்த கேத்தி நிலையம். முழுக்க அட்டையும் தாளும். கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டியிருக்கிறார். இதையும் எஞ்சின் டிராயரில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாமா?

பல்சக்கரம் (குன்னூர்)

வேண்டாம் அம்மா. அளவுக்கு மீறி உலர்ந்தால் அட்டை சுருங்கும், ஒட்டிய ஓடுகள் ஓரத்தில் கிளம்பும். அதற்குத் தேவை 50 சதவீதம், அதிலேயே நிலையாக இருப்பது. எட்டு டிராயர்களுக்கும் மேலே, அலமாரியின் மேல்தட்டில், வெறும் பருத்தித் துணி போர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். கொடை நண்பர் சொன்னபடி அதைக் கண்ணாடிக்குள் வைப்பதானால், பின்பலகையில் இரண்டு சிறு துளைகள் போட்டுக் கொசுவலை ஒட்டுங்கள். டிராயர்கள் வந்ததும் வண்டிகளை அடுக்கும் முன், உள்ளே ஈரமானியை ஒரு வாரம் வைத்துப் பார்த்து அளவை இங்கே எழுதுங்கள். புதுப் பிரைமரின் வாடை முழுவதும் போன பிறகுதான் எஞ்சின்கள் உள்ளே போக வேண்டும்.